விழுந்ததைப் பார்க்க வந்தவர்கள்

இந்தக் குடும்பத்தை வாராவாரம் பார்த்துவருகிறவர்களுக்கு நல்லசிவத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக இரண்டு வரி. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிறவர். ஊர் உலகத்துக்கெல்லாம் நாள் கிழமை நாம்தான் கொடுக்கிறோம் என்ற நினைப்பு நெஞ்சு முழுக்க உண்டு. தனக்குப் புரியாத எதைக் கண்டாலும் அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: கிறுக்கு.

கொஞ்ச நாளாக அந்தப் பெயர் அவருடைய சொந்த மகள் ஹர்ஷினிக்கு.

பெங்களூரில் புருஷன் பிரபாகரனோடு குடியிருந்தபோது, அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்தில், பக்கத்து வீட்டு மணிப்பூர்ப் பெண்ணிடம் ஸ்கேட்போர்டு ஓட்டக் கற்றுக்கொண்டாள் ஹர்ஷினி. நாலு சக்கரம் வைத்த பலகை. பழகாதவர்களைக் கீழே தள்ளிவிடும். ஹர்ஷினியையும் தள்ளிவிட்டது. தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று, பிரபாகரன் அதையெல்லாம் தன் புதுச் செல்போனில் எடுத்தான். விழுந்த இடங்களை மட்டும் சேர்த்து ஒட்டி, பின்னால் ஒரு டப்பாங்குத்து மேளத்தையும் போட்டு, ‘என் வீட்டு சர்க்கஸ்’ என்று பெயர் வைத்து ஆபீஸ் நண்பர்களுக்கு அனுப்பினான்.

கேமரா வைத்த போன் கைக்குக் கை வந்துகொண்டிருந்த 2008-ஆம் வருஷம் அது. ப்ளூடூத்தில் தொற்றித் தொற்றி அந்தப் படம் சிவகாசி வரைக்கும் வந்துவிட்டது. நல்லசிவத்தின் பிரஸ்ஸில் பைண்டிங் பிரிவு முழுக்கப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகுதான் முதலாளிக்கே விஷயம் தெரிந்தது.

செய்தவன் பிரபாகரன். தலைகுனிய வேண்டியவள் ஹர்ஷினி. அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள், பெற்ற தகப்பன் உட்பட. தை பிறந்ததும் ஒரு பெட்டியும் அந்தப் பலகையுமாகப் பிறந்த வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லசிவம் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். மறுமுனையில் இருந்தவர் உட்கார்ந்துகொண்டு பேசக்கூடிய ஆள் இல்லை. விருதுநகர்ப் பேப்பர் ஏஜெண்ட் தனுஷ்கோடி, பிரபாகரனைப் பெற்றவர்.

“வாங்க சம்பந்தி, தாராளமா வாங்க. பொண்ணு ரெடியா இருப்பா. அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

பேசி முடித்துவிட்டு அடுக்களை வாசலுக்கு வந்தார். உள்ளே தங்கத்தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“பதினோரு மணிக்கு வர்றாக. மாப்பிள்ளையும் வர்றாரு. கையோட கூட்டிட்டுப் போறாகளாம்.”

“யாரை?”

“யாரையா? உம் மகளைத்தான்.”

“அவ என்ன, அவுக கடையில மறந்து வெச்சுட்டுப் போன பையா? வந்து எடுத்துட்டுப் போறதுக்கு?”

“நக்கல் பண்ணாத. சம்பந்தி முன்னாடி பட்டுச்சேலை கட்டி நிக்கச் சொல்லு. அந்தக் கிறுக்குப் பலகை கண்ணுல படவே கூடாது. தூக்கி எங்கனயாச்சும் போடு.”

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் நல்லசிவத்தைக் கண்டு பயந்ததும் இல்லை, பெரிதாக மதித்ததும் இல்லை. நேரத்துக்குச் சோறு போட்டுவிடுவாள். நல்லசிவத்தின் மிஷினுக்குள் போகிற பேப்பர் முழுக்கத் தனுஷ்கோடி கிடங்கிலிருந்துதான் வருகிறது. ‘மகளைக் கட்டிக்கொடுத்தீகளா, மிஷினைக் கட்டிக்கொடுத்தீகளா?’ என்று கல்யாணத்தன்றே கேட்டவள் அவள்.

கையைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். ஹர்ஷினி அங்கே கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். இடது ஷூவின் ஓரம் தேய்ந்து ஓட்டையாகி, அதன் மேல் ரப்பர் துண்டு வைத்து ஒட்டியிருந்தது.

“கேட்டுச்சா, உங்க அப்பா சொன்னது?”

“கேட்டுச்சு.”

“கிளம்பு. பத்தரைக்குள்ள வந்துரணும்.”

“சேலை கட்டச் சொன்னாரே?”

“அவரைக் கட்டச் சொல்லு.”

ஸ்கூட்டியின் கால் வைக்கிற இடத்தில் பலகையும், தங்கத்தாயின் மடியில் வீடியோ கேமராவுமாக இரண்டு பேரும் நாரணாபுரம் ரோட்டில் இருக்கிற கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பொங்கல் முடிந்தால் காலண்டர் கிடங்குக்கு வேலையில்லை. அடுத்த ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டு, புது வருஷத்து மாதிரிக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு, ஆர்டர் பிடித்து, அப்புறம்தான் கட்டுக்கள் வந்து அடுக்கும். அதுவரைக்கும் நீளமான வெறும் தரை. வருஷக்கணக்காகப் பேப்பர் கட்டு இழுத்து இழுத்து வழவழப்பான சிமெண்டுத் தரை. நடுவில், மழைத்தண்ணீர் வந்தால் கட்டு நனையாமல் இருக்க, முழங்கால் உயரத்துக்கு ஒரு நீளத் திண்டு கட்டியிருந்தார்கள்.

முதல் நாள் தங்கத்தாய் இங்கே வந்தது காவலுக்குத்தான். மகள் குதிப்பதை ஊரில் எவளாவது பார்த்துவிட்டால் மானம் போகுமே என்று. சும்மா உட்கார்ந்திருக்கிறவள் கையில் ஹர்ஷினி கேமராவைக் கொடுத்தாள். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த கேமரா. கல்யாணத்துக்குப் பிறகு பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. தங்கத்தாய் எடுத்த முதல் கேசட்டில் மகளுடைய முகத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

“மூஞ்சி எதுக்கும்மா? காலை எடு.”

“உன் காலை ரசிச்சுப் பாக்கிறதுக்கு நான் என்ன செருப்புக்கடையா வெச்சிருக்கேன்?”

ஆனாலும் கை நடுங்காத பெண்பிள்ளை. தரையோடு தரையாக உட்கார்ந்து, திண்டும் மகளும் பின்னால் கிடங்கு வாசலும் திரைக்குள் வருகிற மாதிரி பிடித்துக்கொள்வாள். மகள் விழுந்தால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஓடி வரமாட்டாள். விழுந்து, உருண்டு, எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்பி நடக்கிற வரைக்கும் எடுத்து முடிப்பாள். திட்டு மட்டும் நிற்காது.

ஹர்ஷினி திண்டின் கடைசியில் போய் நின்றாள். அவள் செய்ய நினைத்ததைச் சொல்வது சுலபம். திண்டின் மேல் வேகமாக உருண்டு வர வேண்டும். விளிம்பில் பின்காலால் பலகையின் வாலை அடிக்க வேண்டும். அது எழும்பும்போது முன்காலின் ஓரத்தால் முனையைச் சுண்ட வேண்டும். பலகை காற்றில் ஒரு முழுப் புரள் புரண்டு நிமிரும். அதன்மேல் இரண்டு காலையும் வைத்துத் தரையில் இறங்கி, நிற்காமல் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

தை மாதத்திலிருந்து அந்த அவ்வளவுதான் வரவில்லை.

உருண்டு வந்தாள். அடித்தாள். சுண்டினாள். பலகை புரண்டது. முன்கால் பலகையின் மேல் வந்து நின்றது. பின்கால் தரையில் நின்றது. பலகை தனியாக ஓடிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது.

“ஒத்தக் கால்ல நிக்கிறதுக்குக் கொக்கு போதும்,” என்றாள் தங்கத்தாய்.

மறுபடி. மறுபடியும் பின்கால் தரையில்தான். அதற்கடுத்த தடவை பலகை குறுக்கே திரும்பிக் கணுக்காலுக்கு மேலே எலும்பில் அறைந்தது. ஹர்ஷினி காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அளுதுட்டுச் சொல்லு. கேசட்டு ஓடுது.”

“அம்மா, கொஞ்சம் வாயை மூடறியா?”

“நான் மூடுனா உனக்குக் குதிக்க வருமா? சொல்லு, மூடுறேன்.”

ஹர்ஷினி நொண்டிக்கொண்டே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். எடுத்ததைத் திருப்பி ஓட்டி, கேமராவின் பக்கத்தில் விரிகிற சின்னத் திரையில் இரண்டு பேரும் பார்த்தார்கள். மெதுவாக ஓடவிட்டாள். பின்கால் எங்கே தப்புகிறது? எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாலை அடித்தது சரி. சுண்டியது சரி. பலகை முழுதாகப் புரண்டு வந்திருந்தது. கால் மட்டும் வேண்டாம் என்று தானாக விலகிப் போகிறது.

“பாக்கவே சகிக்கலை,” என்றாள் தங்கத்தாய். “மூஞ்சியைக் காட்ட மாட்டேங்கிற.”

“காலைப் பாரும்மா.”

“காலைத்தான் தினம் பாக்கிறேன். இங்கன பாரு. உருண்டு வர்றப்ப மூஞ்சி தெரியுது. குதிக்கிறப்ப பின்னந்தலைதான் தெரியுது. விளுந்து எந்திரிக்கிறப்ப மறுபடி மூஞ்சி. இந்தா, இன்னொண்ணு. இதுலயும் பின்னந்தலை. குதிக்கிற நேரத்துல அங்கன எதைட்டி திரும்பிப் பாக்கிற?”

ஹர்ஷினி திரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, திரையில் தன் முகம் திரும்பிய திசையைப் பார்த்தாள்.

கிடங்கு வாசல். பாதி தூக்கிய ஷட்டர். வெளியே வெயில்.

வேறொன்றும் இல்லை அங்கே. ஆனால் பெங்களூரில் ஒரு தூண் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு போன் இருந்தது. அன்றிலிருந்து, கால் தரையை விட்டுக் கிளம்புகிற ஒவ்வொரு நேரமும், யாராவது நிற்கிறார்களா என்று தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கே இதுவரை தெரியாது. தலை திரும்புகிறது, தோள் கூடவே திரும்புகிறது, பின்கால் தோளோடு போய்விடுகிறது.

அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் அருவருப்பாக இருந்தது. அந்த ஆளை ஐநூறு கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் இங்கே, இவள் கழுத்துக்குள் குடியிருக்கிறான்.

“எவன் வந்து சிரிப்பான்னு பாக்கிறியாக்கும்?” என்றாள் தங்கத்தாய். “சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான். அவன் வாயி, அவன் பல்லு. உனக்கு என்ன வந்துச்சு?”

ஹர்ஷினி எழுந்து திண்டுக்குப் போனாள்.

வாசலைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்வது சுலபமாக இல்லை. பார்க்காமல் இருக்க முயன்றபோது சுண்ட மறந்தாள். சுண்ட நினைத்தபோது கண் தானாக ஓடியது. கடைசியில், பலகையின் முனையில் ஒரு போல்ட்டின் தலையை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். அதை விடவே கூடாது. அது புரளும்போதும் அதையே பார்க்க வேண்டும்.

விழுந்தாள். இந்தத் தடவை விழுந்த விதம் வேறாக இருந்தது. இரண்டு காலும் பலகையில் பட்டு, அப்புறம்தான் வழுக்கியது.

“அம்மா, பாத்தியா?”

“பாத்தேன். இப்ப ரெண்டு காலாலயும் விளுற. பெரிய முன்னேற்றந்தான்.”

தங்கத்தாய் அதைச் சொன்னபோது குரலில் இருந்த அலட்சியம் வழக்கமானதுதான். ஆனால் மணி பதினொன்றைத் தாண்டியதை அவளும் கவனிக்கவில்லை.

வெளியே கம்பெனி வேன் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு கார்.

“இங்கனதான் சம்பந்தி இருப்பாக. கிடங்கைப் பெருக்க வந்திருப்பாக,” என்று நல்லசிவத்தின் குரல் முன்னால் வந்தது. வீட்டுக்கு வந்த சம்பந்தியை ஆளில்லாத வீட்டில் உட்காரவைத்துவிட்டு, பொறுக்க முடியாமல் இங்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முகம் வியர்த்திருந்தது. சட்டைப் பையில் குத்தியிருந்த தங்க முனைப் பேனா ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

தனுஷ்கோடி குனிந்து ஷட்டருக்குள் நுழைந்தார். குனிய வேண்டியிருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் பின்னால் பிரபாகரன், நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கூலிங்கிளாஸோடு.

ஹர்ஷினி திண்டின் கடைசியில் பலகையின் மேல் ஒரு காலை வைத்தபடி நின்றாள்.

“ஏய், இறங்கு கீள!” என்றார் நல்லசிவம்.

“வாங்க மாமா. வாங்க,” என்று இரண்டு பேரையும் பொதுவாகக் கூப்பிட்டாள் ஹர்ஷினி. “ஒரு நிமிசம். வந்துடறேன்.”

“என்னம்மா ஒரு நிமிசம்? பெரிய மனுசங்க வந்து நிக்கிறோம்,” என்றார் தனுஷ்கோடி.

“விடுங்கப்பா,” என்றான் பிரபாகரன். இடுப்பு உறையிலிருந்து போனை உருவினான். “பண்ணட்டும். பார்ட் டூ எடுக்கணும்ல?”

அவள் போல்ட்டைப் பார்த்தாள். உருண்டு வந்தாள். வாலை அடித்த கணத்தில் கண் ஒரு நூலிழை வாசல் பக்கம் போய்விட்டது. அவ்வளவு போதுமாக இருந்தது. பலகை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முழங்கை தரையில் உரசி இழுத்துக்கொண்டு போனது.

வாசலில் ஒரு சிரிப்பு எழுந்தது. பெங்களூரில் கேட்ட அதே சிரிப்பு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சிரிப்பும் வந்தது. மாமனாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஹர்ஷினி எழுந்தாள்.

“எம்புட்டு நேரம்யா நிக்கிறது?” என்றார் தனுஷ்கோடி.

தங்கத்தாய் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உக்காருங்க சம்பந்தி. தரை சுத்தமாத்தான் இருக்கு.”

மறுபடி விழுந்தாள். இந்தத் தடவை யார் சிரித்தார்கள், எத்தனை பேர் சிரித்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. திண்டின் கடைசிக்கு நடந்து போகும்போது அந்த மூன்று பேரும் வந்து நிற்பதே ஒரு கணம் மறந்துவிட்டது. முழங்கையில் எரிச்சல் இருந்தது. பலகையின் முனையில் போல்ட் இருந்தது.

உருண்டு வந்தாள்.

வால் திண்டில் அடித்த சத்தம் காதுக்குள் கேட்டது. போல்ட் எழும்பி வந்து, பக்கவாட்டில் சாய்ந்து, மறைந்தது. அவள் அது திரும்பி வருகிற இடத்தையே பார்த்தாள். உப்புத்தாள் ஒட்டிய கறுப்புப் பக்கம் மேலே வந்தது. போல்ட் வந்தது. இரண்டு காலும் ஒன்றாக அதன் மேல் இறங்கின.

ஒரே சத்தம். இரண்டு சத்தம் இல்லை, ஒன்று.

பலகை ஓடியது. அவள் அதன் மேல் நின்றபடியே அம்மாவைத் தாண்டி, காலிக் கிடங்கின் கடைசிச் சுவர் வரைக்கும் போனாள். சுவரில் கையை ஊன்றி நின்றாள்.

பிரஸ்ஸில் நாலு கலரும் தனித்தனியாக ஓடும்போது படம் ஒன்றுமே புரியாது. நாலும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற தாளில், கண் திறந்து பார்க்கிற மாதிரி சட்டென்று முகம் வந்துவிடும். சின்ன வயதில் மிஷின் பக்கத்தில் நின்று அவள் பார்த்திருக்கிறாள். இப்போது உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சுவரைப் பார்த்தபடியே, யாருக்கும் காட்டாமல், அவள் சிரித்தாள்.

“கேசட்டுல விளுந்துருச்சா?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

“ம். சுவர்ல முட்டுன வரைக்கும் விளுந்துருச்சு,” என்றாள் தங்கத்தாய்.

முதலில் பேசியவன் பிரபாகரன். “சூப்பர்! நெசமாவே சூப்பர். ஆனா என் போன்ல சரியா வரலை. இன்னொரு தடவை பண்ணு, எடுத்துக்கிறேன். இதை ஆபீஸ்ல காட்டுனா ஆடிப்போயிருவானுக.”

ஹர்ஷினி முழங்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“பாத்தீங்களா மாமா,” என்று அவன் நல்லசிவத்தின் பக்கம் திரும்பினான். “அன்னிக்கு நான் அப்படி ஒரு படம் போட்டதாலதான் இவளுக்கு ரோஷம் வந்து இந்த அளவுக்குக் கத்துக்கிட்டா. ஒரு வகையில நான்தான் கோச்சு.”

அவன் அதைக் கூச்சமே இல்லாமல் சொன்னான். நம்பியே சொன்னான். அதுதான் ஹர்ஷினியை ஆச்சரியப்படவைத்தது. இந்த ஆளுக்காகவா இத்தனை நாள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம்?

“நீங்க எடுத்த படத்துல நான் ஒரு தடவைகூட எந்திரிக்கலை,” என்றாள். “நெசத்துல ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சேன். அதையெல்லாம் உக்காந்து வெட்டி எறிஞ்சிருக்கீங்க. எம்புட்டு வேலை பாத்திருக்கீங்க, பாவம்.”

பிரபாகரன் போனை இடுப்பு உறைக்குள் செருகிக்கொண்டான்.

“பேச்சைக் குறைம்மா,” என்றார் தனுஷ்கோடி. “குரங்குகூடத்தான் தாவுது. அதுக்கு இம்புட்டு அலட்டலா? அந்தக் கட்டையை இங்கனயே உடைச்சுப் போட்டுட்டு வண்டியில ஏறு. உன் பெட்டி ஏற்கெனவே டிக்கியில இருக்கு.”

“எந்தப் பெட்டி?”

ஹர்ஷினி தகப்பனைப் பார்த்தாள். நல்லசிவம் தரையில் கிடந்த ஒரு சணல் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கத்தாய் கேமராவை மடக்கித் திண்டில் வைத்துவிட்டு எழுந்து புருஷன் முன்னால் வந்தாள்.

“நீங்களா எடுத்து வெச்சீக?”

“பின்னே? பதினோரு மணிக்கு ஆள் வர்றாகன்னு சொல்லியும் நீங்க ரெண்டு பேரும் இங்கன வந்து...”

“முப்பது வருசத்துல குளிச்ச துண்டை ஒரு நாளு மடிச்சுப் போட்டதில்லை. மக துணியை மட்டும் மடிச்சு அடுக்கிட்டீகளாக்கும்!”

ஹர்ஷினி வெளியே போனாள். கார் டிக்கியைத் திறந்தாள். பெட்டியின் வாயில் ஒரு சேலைத் தலைப்பு சிக்கி வெளியே தொங்கியது. அவளுடைய துணியைக் கையில் கிடைத்தபடி சுருட்டித் திணித்து, மேலே உட்கார்ந்து மூடியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. அந்தத் தலைப்பை விரலால் உள்ளே தள்ளிவிட்டாள்.

பெட்டியை இழுத்து இறக்கினாள். கனமாக இருந்தது. பலகையைத் தரையில் வைத்து, அதன் மேல் பெட்டியை ஏற்றி, ஒரு காலால் தள்ளினாள். அது மூன்று ஆண்பிள்ளைகளின் நடுவே, சத்தம் இல்லாமல், கிடங்குக்குள் உருண்டு போனது.

“ஹர்ஷினி, சீன் போடாத,” என்றான் பிரபாகரன்.

“நீங்க எடுக்கலையே? அப்புறம் என்ன?”

தனுஷ்கோடி இரண்டு எட்டு நடந்து, நல்லசிவத்தின் முன்னால் வந்து நின்றார். இத்தனை வருஷமும் ‘சம்பந்தி’ என்று கூப்பிட்டவர், இப்போது பெயரைச் சொன்னார்.

“நல்லசிவம், நாளைக்கு வர வேண்டிய பேப்பர் லோடு வராது.”

கார் கிளம்பிப் போன சத்தம் ரோட்டில் தேய்ந்து போனது.

நல்லசிவம் திண்டில் உட்கார்ந்தார். “ஸ்கூல் டைரி ஆர்டர் கையில நிக்குது. நாளைக்கு மிஷின் ஓடாது. ஊர்ல எந்த முகத்தை வெச்சுட்டு நடக்கிறது? சந்தோசந்தானா ரெண்டு பேருக்கும்?”

“எனக்குச் சந்தோசந்தான்பா,” என்றாள் ஹர்ஷினி. “லோடு வராததுக்கு இல்லை.”

“அப்படி என்னத்தைப் பண்ணிக் கிளிச்சிட்ட? கொண்டா அதை, பாப்போம்.”

கேட்டது பார்ப்பதற்காக இல்லை, இகழ்வதற்காக. தங்கத்தாய் கேசட்டைப் பின்னால் ஓட்டி, திரையை விரித்து, கேமராவை அவர் கையில் வைத்தாள்.

புரூஃப் பார்க்கிற முகத்தோடு, தப்புக் கண்டுபிடிக்கத் தயாராக, நல்லசிவம் பார்க்க ஆரம்பித்தார். மகள் உருண்டு வந்தாள். குதித்தாள். முழங்கை உரச விழுந்தாள். அவளுக்குப் பின்னால், வாசலில், மூன்று பேர் நின்றார்கள். போனை உயர்த்திப் பிடித்திருந்தவன் சிரித்தான். அவன் பக்கத்தில், வயிற்றின் மேல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு ஆள், முதலில் சம்பந்தியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் உதட்டில் இளக்காரத்தைக் கண்டதும், தானும் வாயைத் திறந்து சிரித்தார். கீழே மகள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

பையில் பேனா ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“இது...” என்றார் நல்லசிவம்.

“வேற ஆரு?” என்றாள் தங்கத்தாய்.

அவர் திரும்ப ஓட்டினார். கேமராவுக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டது. மெலிந்த, பின்தங்கி வருகிற சிரிப்பு. தள்ளி நின்ற ஹர்ஷினிக்கும் அது கேட்டது. இரண்டாவது சிரிப்பு யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டது. குனிந்து, ஏற்கெனவே முடிந்திருந்த ஷூக் கயிற்றை அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.

மகள் எழுந்ததையும், மறுபடி விழுந்ததையும், கடைசியில் இரண்டு கால் ஊன்றி ஓடியதையும் நல்லசிவம் பார்த்து முடித்தார். பிறகு எழுந்தார். ஹர்ஷினி பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்பதுதான் சரி.

“சங்கிலிமுத்து!” என்று வெளியே பார்த்துக் கத்தினார். வேன் டிரைவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். “வண்டியை எடு. விருதுநகர் போகணும்.”

“இப்பவா? எதுக்கு?” என்றாள் தங்கத்தாய்.

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

“கால்ல விளவா, சட்டையைப் பிடிக்கவா? அதையாச்சும் சொல்லிட்டுப் போங்க!”

அவர் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ரோட்டில் ஏறியது. தங்கத்தாய் திண்டைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மகளுடைய கையைப் பார்த்தாள்.

“ஏட்டி,” என்றாள் மெதுவாக, “கேமராவையும்ல கையோட கொண்டுட்டுப் போறாரு அந்த மனுசன்!”